ஐநேச்சுரலிஸ்ட்: நம்ம பக்கத்துத் தட்டான்களுக்கு இது சரிப்படுமா?

ஐநேச்சுரலிஸ்ட் என்பது, நாம் எடுத்த உயிரினப் படத்தை ஏற்றினால் அது என்ன இனம் என்று கண்டுபிடிக்க உதவும் ஆப். பொறுமை இல்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சரிப்படும். காசு கிடையாது, விளம்பரத் தொல்லை கிடையாது, ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். ஆனால் போனை நீட்டி ஒரே ஒரு படம் எடுத்து ஏற்றிவிட்டு, பெயர் தானாக வந்து மடியில் விழும் என்று உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது ஆகாது. தட்டான் விஷயத்தில் பாதி வேலை, எந்தப் பக்கமிருந்து படம் எடுத்தீர்கள் என்பதிலேயே முடிந்துவிடுகிறது. மீதிப் பாதிக்குத்தான் இந்தச் சேவை.

என்ன ஏது என்று தெரியாதவர்களுக்கு சுருக்கமாக. 2008இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மூன்று மாணவர்கள் முதுநிலைப் படிப்புக்காகச் செய்த புராஜெக்ட் இது. அப்புறம் கலிபோர்னியா அகாடமி ஆஃப் சயின்சஸ், நேஷனல் ஜியோகிராஃபிக் என்று பெரிய இடங்களின் நிழலில் வளர்ந்து, 2023இல் தனி அமைப்பாகப் பிரிந்துவிட்டது, லாபத்துக்காக நடத்துவது இல்லை. நீங்கள் படம், தேதி, இடம் மூன்றையும் போடுகிறீர்கள். கம்ப்யூட்டர் முதலில் ஒரு யோசனை சொல்லும், பிறகு விவரம் தெரிந்த ஆட்கள் வந்து பார்த்துப் பெயர் வைப்பார்கள். குறைந்தது இரண்டு பேர் சொல்லியிருக்க வேண்டும், சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தைச் சொன்னால் அந்தப் பதிவுக்கு 'ஆய்வுத் தரம்' என்ற முத்திரை விழும். உங்கள் படத்தின் உரிமத்தை அதற்கேற்றபடி வைத்திருந்தால் ஜிபிஃப் என்ற உலகளாவிய தரவுக் களஞ்சியத்துக்கும் போய்விடும். காரைக்குடிப் பக்கத்துக் கோட்டையூர் ஊருணிப் படியில் உட்கார்ந்திருந்த தட்டான், எங்கோ ஒரு ஆராய்ச்சியாளரின் வரைபடத்தில் ஒரு புள்ளி ஆகிறது.

இதற்கு வருவதற்கு முன்னால் வேறொரு ஆப்பில் காசு கொடுத்துப் பார்த்தேன், பெயர் வேண்டாம். வருடச் சந்தா. படத்தைக் காட்டினால் ஒரே ஒரு பெயரை அடித்துச் சொல்லும், மாற்று யோசனை கிடையாது, ஏன் அந்தப் பெயர் என்று கேட்கவும் வழி கிடையாது. காரைக்குடிச் சாக்கடையோரம் எடுத்த சிவப்புத் தட்டானுக்கு அது கொடுத்த பெயர் ஃப்ளேம் ஸ்கிம்மர். அது அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் மெக்சிகோவிலும் இருக்கிற இனம். இடம் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே இந்தக் கூத்து நடந்திருக்காது. போதாக்குறைக்குச் சந்தா தானாகவே புதுப்பித்துக்கொண்டது, நிறுத்துகிற பட்டன் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடவே ஒரு சாயங்காலம் போனது.

ஐநேச்சுரலிஸ்ட் இந்த இடத்தில்தான் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கிறது. யோசனைகளை வரிசையாகக் கொடுக்கும், அவற்றில் உங்கள் பக்கத்தில் இருக்க வாய்ப்புள்ளவற்றை முன்னால் வைக்கும், படம் போதவில்லை என்றால் இனத்தைச் சொல்லாமல் இந்தப் பேரினமாக (நெருங்கிய சொந்தக்கார இனங்களின் கூட்டம்) இருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த ஒதுங்கல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஓர் இனத்துக்குத் தோராயமாக நூறு படங்களாவது ஏற்கெனவே சேர்ந்திருந்தால்தான் கம்ப்யூட்டர் அதைக் கற்றுக்கொள்ளும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் அதிகம் படம் எடுக்காத இனம் அதன் பட்டியலிலேயே இருக்காது, அதனால் அதன் சொந்தக்கார இனம் ஒன்றின் பெயரைச் சொல்லும்.

எதில் நன்றாக இருக்கிறது? உருவத்திலேயே தனித்துத் தெரிகிற எல்லாவற்றிலும். மஞ்சளும் கறுப்பும் திட்டுத் திட்டாகப் படர்ந்த இறக்கையோடு வண்ணத்துப்பூச்சி மாதிரி அசைந்து அசைந்து பறக்குமே, ரையோதெமிஸ் வேரிகேட்டா, அதைக் கொஞ்சம் மங்கலாக எடுத்தாலும் போதும். வால் அடியில் ஊதிப்போய் நுனியில் திடீரென்று ஒல்லியாகும் சின்னது, அசிசோமா பனார்பாய்டிஸ், அதுவும் அப்படித்தான். பச்சையும் கறுப்புமாக, மற்ற தட்டான்களையே பிடித்துத் தின்னும் ஆர்த்தெட்ரம் சபைனா நம்ம ஊரில் வேலிக்கு வேலி இருக்கிறது, அதற்கும் பிரச்சினை இல்லை. இந்த மாதிரி இனங்களுக்கு மட்டும்தான் வேண்டும் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை, ஆப்பை இறக்கிக்கொண்டு போய்விடலாம்.

வம்பு சிவப்பில் ஆரம்பிக்கிறது. ஊருணி, கண்மாய், வாய்க்கால் எங்கே போனாலும் சிவப்பாக ஒன்று உட்கார்ந்திருக்கும், எல்லோரும் எடுக்கும் முதல் படமும் அதுதான். ஆனால் நம்ம பக்கத்தில் சிவப்பு என்றால் ஒன்று இல்லை. குரோக்கோதெமிஸ் செர்விலியா ஆண், மிளகாய்ப்பழச் சிவப்பு, வாலின் முதுகில் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று நீளமாக ஓடும். யூரோதெமிஸ் சிக்னேட்டாவும் சிவப்புதான், ஆனால் வால் நுனிப் பக்கம் எட்டாவது ஒன்பதாவது கண்டங்களின் (வாலின் துண்டுகள்) மேல் கறுப்புத் திட்டு இருக்கும், பின்னிறக்கையின் அடியில் அடர்த்தியான பழுப்புப் பட்டையும் இருக்கும். டிரிதெமிஸ் அரோரா ஆண் சிவப்பு என்பதைவிட ரோஜா நிறம், இறக்கை நரம்புகளே சிவப்பாக இருக்கும். பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா இறக்கையிலேயே ஆரஞ்சு பூசியிருக்கும், அழுக்குத் தண்ணீருக்கு அஞ்சாது, பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சாக்கடையில் பார்க்கும் சிவப்பு பெரும்பாலும் இதுதான். ரோடோதெமிஸ் ரூஃபா ஆணுக்கு அந்தக் கறுப்புக் கோடே கிடையாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். இவற்றில் பல அடையாளங்கள் முதுகில் இருக்கின்றன. நாம் எடுப்பதோ பக்கவாட்டுப் படம், ஏனென்றால் அதுதான் பார்க்க அழகு. பக்கவாட்டில் கோடும் தெரியாது, வால் திட்டும் சரியாகத் தெரியாது. இங்கே கம்ப்யூட்டர் தடுமாறினால் அதைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை, மனுஷனாலும் முடியாது. இதில் நம்ம ஊர் வெயில் வேறு சேர்ந்துகொள்கிறது. உச்சி வேளையில் இந்தத் தட்டான்கள் பல வாலை நேரே சூரியனைப் பார்த்துத் தூக்கி நிறுத்திவிடும், உடம்பில் வெயில் குறைவாகப் படட்டும் என்று. பார்க்க சர்க்கஸ் மாதிரி ஜோராக இருக்கும், ஆனால் மேலிருந்து எடுத்தால் வால் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். காலை எட்டரை மணிக்குள் அல்லது நாலு மணிக்கு மேல் போங்கள்.

சிவப்புத் தட்டான்களில் முழுதாக வளர்ந்த ஆணைத்தான் இதுவரை சொன்னேன். பெண்ணும் இளம் ஆணும் மஞ்சளும் பழுப்புமாக இருக்கும், ஒன்றுக்கொன்று அச்சு அசல். அவற்றைப் பிரித்துச் சொல்ல இறக்கை நரம்பு தெரிய வேண்டும், இறக்கை விரிந்து தட்டையாக இருக்கும்போது மேலிருந்து ஒரு படம்.

சேவையின் அருமை எனக்கு நன்றாகப் புரிந்தது கானாடுகாத்தானில், தெரிந்த ஆச்சி ஒருவர் வீட்டில். பெரிய வீடு, பின்கட்டில் மழைத்தண்ணீர் பிடிக்கிற சிமெண்ட் தொட்டி, அதற்குப் பின்னால் காரை பெயர்ந்த பழைய சுவர். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தம்பி, நல்ல சுவரை எல்லாம் விட்டுட்டு இடிஞ்ச சுவரைப் படம் எடுக்கிற?"

"சுவர் இல்ல ஆச்சி, தட்டான்."

"எங்கப்பா இருக்கு? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

ஒரு கை தூரத்தில் நின்றும் அவருக்குத் தெரியவில்லை. அதுதான் பிராடினோபைகா ஜெமினாட்டா, கிரானைட் கோஸ்ட் என்பார்கள். சாம்பலும் கறுப்பும் வெள்ளையுமாகக் கல்லில் எழுதிய மாதிரி நிறம், இறக்கையை நான்கு பக்கமும் சுவரோடு அழுத்தி விரித்துக்கொண்டு உட்காரும். கல், சுவர், கிணற்றுக் கைப்பிடி இவைதான் அதன் ஆசனம். குஞ்சுப் பருவத்தைச் சிமெண்ட் தொட்டி, பாறைக் குழி, கிணறு என்று கல்லுக்குள் தேங்கிய தண்ணீரிலேயே கழித்துவிடும். செட்டிநாட்டு வீடுகளை இதற்கென்றே கட்டினார்களோ என்று தோன்றும். இறக்கையின் முன்விளிம்பில், நுனிக்குச் சற்று முன்னால், பெரும்பாலான தட்டான்களுக்கு ஒரு சின்ன நிறக்கட்டம் இருக்கும். இதற்கு அந்தக் கட்டம் நடுவில் கறுப்பு, இரண்டு ஓரத்திலும் பளிச்சென்று வெள்ளை. படத்தைப் பெரிதாக்கி அந்த வெள்ளையைக் காட்டியதும் ஆச்சிக்கு ஆச்சரியம், "இத்தனை நாளா என் வீட்டுலயா இருந்துச்சு" என்று.

ஏற்றினேன். கம்ப்யூட்டர் முதல் யோசனையிலேயே சரியாகச் சொன்னது, அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. பெரிய விஷயம் அடுத்து வந்த ஆள். தெரியாத ஒருவர் அதை உறுதி செய்துவிட்டு, இதே பேரினத்தில் கொங்கண் கரையில் இருந்து இன்னொரு இனத்தை 2020இல்தான் விவரித்தார்கள், அதனால் இடத்தைச் சரியாகப் போட்டது நல்லது என்று எழுதியிருந்தார். சந்தா கட்டும் ஆப்பில் இதெல்லாம் வராது.

ஊசித்தட்டான்களுக்கு வந்தால் ஆட்கள் இல்லாமல் ஒன்றும் நடக்காது. மஞ்சள் வால் செரியாக்ரியான் கோரமண்டெலியானமும், வால் நுனிக்கு முன் நீல வளையம் போட்ட இஸ்க்னூரா செனகலென்சிஸும் எளிது. நீலமும் கறுப்புமாக இருக்கிற சூடக்ரியான் கூட்டம்தான் தலைவலி. புல் நுனியில் உட்கார்ந்திருந்த ஒன்றைப் பக்கவாட்டில் தெளிவாக எடுத்துப் போட்டேன், எனக்கே அந்தப் படம் பிடித்திருந்தது. கம்ப்யூட்டர் சூடக்ரியான் மைக்ரோசெஃபாலம் என்றது. கேரளாக்காரர் ஒருவர் வந்து, சூடக்ரியான் மலபாரிக்கமாகவும் இருக்கலாமே, வாலின் இரண்டாவது கண்டம் மேலிருந்து தெரிகிற படமோ வால் நுனிக் கொக்கிகளின் படமோ இருக்கிறதா என்று கேட்டார். அந்தக் கொக்கிகள் ஆண் பெண்ணைப் பிடித்துக்கொள்வதற்கு, மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், ஆனால் இனத்துக்கு இனம் வடிவம் மாறும், பழைய நிபுணர்கள் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்ததும் அதைத்தான். என்னிடம் அது இல்லை. பதிவு இன்னும் பேரினத்தோடுதான் நிற்கிறது, அப்படி நிற்பதுதான் நேர்மை.

அதனால் இப்போது நான் ஒரு தட்டானுக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறேன். தூரத்தில் நின்று ஆதாரத்துக்கு ஒன்று, பறந்துவிட்டால் அதாவது மிஞ்சும். அப்புறம் பக்கவாட்டில் மார்பின் கோடுகள் தெரியும்படி ஒன்று. மேலிருந்து முழு வாலும் நான்கு இறக்கையும் தெரிய ஒன்று. முடிந்தால் முகம், வாலின் கடைசி இரண்டு கண்டம். நம் நிழல் அதன்மேல் விழாமல் வெயிலைப் பார்த்து நிற்க வேண்டும், வேகமாகக் கையைத் தூக்கக் கூடாது. பறந்து போனாலும் நகராதீர்கள், பல இனங்கள் அதே குச்சிக்கே திரும்பி வரும்.

கேமரா பெரிதாக வேண்டியதில்லை. ஊசித்தட்டானுக்கு மட்டும் போன் போதாது, பழைய ஜூம் கேமரா ஒன்று இருந்தால் நல்லது. போனில் மாட்டுகிற கிளிப் லென்ஸ் வாங்காதீர்கள், பூச்சிக்கு விரல் தூரத்துக்குப் போனால்தான் அதில் ஃபோகஸ் ஆகும், அதுவரைக்கும் எந்தத் தட்டான் உட்கார்ந்திருக்கும்? வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் பெரிய லென்ஸோடு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான். பறவைக்கு அசௌகரியம் ஆகும் என்று சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி ஜனங்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, அந்த மரியாதை ஊர் அறிந்தது. அதே கண்மாய்க்கரைப் புல்லில் டிப்ளாக்கோடிஸ் டிரிவியாலிஸ் என்ற தட்டான் காலடியில் உட்கார்ந்திருக்கும், பறவைக்காரர்கள் பாதிப் பேர் மிதிக்காத குறையாகத் தாண்டிப் போவார்கள்.

நட்சத்திரம் ஒன்று குறைந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னால் ஆய்வுத் தரம் என்ற விதி யானைக்கும் மயிலுக்கும் சரி, தட்டானுக்கு ரொம்பத் தாராளம். கம்ப்யூட்டர் சொன்னதை ஒருவர் அப்படியே எடுத்துக்கொண்டு, இன்னொருவர் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டிவிட்டால் முடிந்தது கதை, அந்தப் பெயர் களஞ்சியம் வரைக்கும் போய்விடும். பின்னால் யாராவது வந்து மறுத்துப் பெயர் சொன்னால் மாறும், ஆனால் வரவேண்டும். எனவே முத்திரையைப் பார்க்காதீர்கள், யார் சொல்லியிருக்கிறார் என்று பாருங்கள், அவர் பெயரைத் தட்டினால் இதுவரை என்னென்ன அடையாளம் காட்டியிருக்கிறார் என்று தெரியும். காரணம் எழுதியவருக்கு அதிக மதிப்பு. எனக்குச் சந்தேகம் வந்தால் இந்தியத் தட்டான்களுக்கென்றே இருக்கிற 'ஒடோனேட்டா ஆஃப் இந்தியா' தளத்தையும் திறந்து வைத்து இனத்துக்கு இனம் படங்களை ஒப்பிட்டுக்கொள்வேன். இந்தியாவில் சுமார் 500 இனம் என்றாலும் சமவெளி ஊருணிக்கு வருகிறவை அதில் ஒரு சின்னப் பகுதிதான், அதனால் பயப்பட வேண்டாம்.

பெயர் வைக்கிறவர்கள் யாரும் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கவில்லை என்பதால் பதில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, நச்சரிக்கவும் கூடாது.

இன்னொரு விஷயம், வீட்டுக்குள் எடுத்த படங்கள். இடத்தைத் துல்லியமாகப் போட்டால் அது உலகத்துக்கே தெரியும், பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைய உள்ள ஊர்களில் இதை யோசிக்க வேண்டும். இதில் 'மறைத்துக் காட்டு' என்ற வழி இருக்கிறது, அதைப் போட்டால் சரியான இடத்துக்குப் பதிலாக 0.2 டிகிரி கட்டம் ஒன்றுக்குள் எங்கோ ஒரு புள்ளியைக் காட்டும். நம்ம பக்கம் அது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரம், காரைக்குடியும் கானாடுகாத்தானும் சேர்ந்தே அடங்கிவிடும் அளவு. ஆச்சி வீட்டுப் படத்துக்கு அதைத்தான் போட்டேன்.

எதற்காக மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்கள் ஐப்பசியில் ஒரு சாயங்காலம் ஏதாவது பொட்டலில் போய் நின்று பார்க்கலாம். மழைக்கு முன்னால் தாழப் பறக்கும் அந்த மஞ்சள் கூட்டத்தில் பெரும்பாலும் பாண்டாலா ஃப்ளாவெசென்ஸ். மாலத்தீவுக்கு அக்டோபரில் இவை கூட்டமாக வந்து இறங்குவதைக் கவனித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர், இவை இந்தியாவில் இருந்து இந்தியப் பெருங்கடலைத் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009இல் எழுதினார். தலைமுறை தலைமுறையாகத் தொடரும் அந்தச் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் வரை இருக்கும் என்பது அவர் கணிப்பு. ஐநேச்சுரலிஸ்டில் ஒவ்வொரு இனத்தின் பக்கத்திலும் எந்த மாதம் எத்தனை பதிவு என்று ஒரு வரைபடம் இருக்கும், நீங்கள் போடும் ஒரு மங்கல் படமும் அதில் சேரும். கூட்டத்தில் டிரேமியா என்ற இன்னொரு பேரினமும் கலந்திருக்கும், பின்னிறக்கையின் அடியில் கருந்திட்டு இருந்தால் அது டிரேமியா. பறக்கும்போது வானத்தைப் பின்னால் வைத்து எடுத்தால் அந்தத் திட்டு தெரிந்துவிடும், இங்கே கூர்மை முக்கியம் இல்லை.

பிள்ளைகளுக்கு என்றால் இதில் கணக்குத் தொடங்க 13 வயது ஆகியிருக்க வேண்டும். சின்னவர்களுக்கு இவர்களே நடத்தும் சீக் ஆப்பைப் போட்டுக் கொடுங்கள். கணக்கு வேண்டாம், நெட் இல்லாத கண்மாய்க்கரையிலும் வேலை செய்யும். ஆனால் அதில் ஆட்கள் வந்து சரிபார்ப்பது கிடையாது, பெயரை நம்புவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஒரே தட்டானின் எல்லாப் படங்களையும் ஒரே பதிவில் சேருங்கள், வேறு வேறு தட்டான்களை ஒன்றாகக் கலக்காதீர்கள், பெயர் வைக்கிறவர்களுக்கு அதுதான் பெரிய எரிச்சல். ஆர்த்தெட்ரம் சபைனா இன்னொரு தட்டானைத் தின்றுகொண்டிருக்கும் படம் கிடைத்தால் மட்டும் அதே படத்தை இரண்டு பதிவாகப் போடலாம், தின்பதற்கு ஒன்று, இரைக்கு ஒன்று. இரையை முதலில் படம் எடுத்துவிடுங்கள், அதன் இறக்கை கீழே விழுந்துவிட்டால் அப்புறம் பெயர் வைக்க ஒன்றும் மிஞ்சாது.